தாலிடோமைடு: மாமாவின் மாத்திரை மருமகளுக்கு ஆகாது

போன வாரம் ஒரு சாயங்காலம். தாராவி தொண்ணூறடி ரோட்டில் எங்கள் மருந்துக்கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்க வந்த ஒரு பெண், காசைக் கொடுத்துவிட்டு பர்ஸிலிருந்து ஒரு கேப்ஸ்யூலை எடுத்துக் காட்டினார். அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டிய ஒற்றைத் துண்டு. மருந்தின் பெயரில் பாதிதான் மிச்சமிருந்தது.

"அண்ணே, இதையும் அதையும் சேர்த்துப் போடலாமா?"

"இது எங்கம்மா கெடச்சுது?"

"மாமாவோட மாத்திரை. எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. இதைப் போட்டா நல்லாத் தூங்கலாம்னு மாமாதான் குடுத்தாங்க."

அவருக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம். கையில் இருந்தது தாலிடோமைடு, வயிற்றிலிருக்கும் குழந்தையைச் சிதைக்கும் மருந்து. அன்று கடையில் கேட்கத் தோன்றியது அவருடைய நல்ல நேரம். இந்த ஒரு வருடத்தில் இப்படி என் முன்னால் வந்து நின்றவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாமாவுக்கு மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய். அதற்குத் தாலிடோமைடு நல்ல மருந்து, சந்தேகமே இல்லை. தொழுநோயில் சிலருக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்த முடிச்சுகள் கிளம்பி, தொட்டாலே வலிக்கும். நாங்கள் ரியாக்‌ஷன் என்போம். அதையும் இது சட்டென்று அடக்கும். 1964இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், அப்படிப்பட்ட வலியில் தூங்க முடியாமல் தவித்த ஒரு நோயாளிக்குத் தூக்கத்துக்காகத்தான் இதைக் கொடுத்தார். வலியும் முடிச்சுகளும் சேர்ந்தே அடங்கின. 1998இல் அமெரிக்கா இந்த ரியாக்‌ஷனுக்கும், 2006இல் மைலோமாவுக்கும் இதை அனுமதித்தது.

இதன் பழைய கதை வேறு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கும் மனப் படபடப்புக்கும் பாதுகாப்பான மருந்து என்று சொல்லி விற்றார்கள். கர்ப்பிணிகளுக்கு மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில்தான் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். மொத்தத்தில் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறுகியோ இல்லாமலோ, காது, கண், இதயக் குறைகளோடோ பிறந்தன. அதே தூக்கக் காரணத்தைச் சொல்லி, அதே மருந்தை, 60 வருடம் கழித்து ஒரு மாமனார் பாசத்தோடு மருமகள் கையில் வைத்திருக்கிறார்.

வயிற்றுக் குழந்தையைப் பாதிக்க ஒரு கேப்ஸ்யூல் போதும். மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து கணக்கு வைத்தால், ஏறத்தாழ 34ஆம் நாள் முதல் 50ஆம் நாள் வரைதான் உச்சபட்ச ஆபத்து. நாள் தள்ளிப்போகிறதே என்று ஒரு பெண் யோசிக்க ஆரம்பிக்கும் அதே இரண்டு மூன்று வாரம். பல பேருக்கு, தான் கர்ப்பம் என்பதே அப்போது தெரிந்திருக்காது.

எனக்கு ரொம்பவும் ஆற்றாமை வருகிற பேச்சு ஒன்று உண்டு. "நான் ஆம்பிளை, வயசு 62 ஆச்சு. எனக்கு எதுக்கு இந்தக் கர்ப்ப எச்சரிக்கையெல்லாம்?" சொல்லாத ஆளே கிடையாது. ஐயா, தயவுசெய்து கேளுங்கள். மருந்து உங்கள் ரத்தத்தில் மட்டும் நிற்பதில்லை, விந்துவிலும் இருக்கிறது. கர்ப்பமாக இருக்கிற, அல்லது ஆகக்கூடிய பெண்ணோடு சேரும்போது ஆணுறை கட்டாயம். கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவரும் போட்டே ஆகவேண்டும், ஏனென்றால் அந்த ஆபரேஷன் விந்தணுவைத்தான் தடுக்கும், மருந்தைத் தடுக்காது. மருந்தை நிறுத்திய பிறகும் 4 வாரம் இதே கட்டுப்பாடுதான். அந்த நாட்களில் ரத்ததானமும் கூடாது. உங்கள் ரத்தம் எந்தக் கர்ப்பிணிக்கு ஏறும் என்று யாருக்குத் தெரியும்?

சரி, மனைவிக்கும் வயதாகிவிட்டது, அந்தப் பேச்சே இல்லை என்பீர்கள். உங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மகன், மருமகள், காலேஜ் போகிற மகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிற தங்கச்சி மகள். எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் டப்பா. தலைவலி மாத்திரையும் வாயுத் தொல்லை மாத்திரையும் உங்கள் கேப்ஸ்யூலும் அதிலேயே கிடக்கின்றன. நோய் உங்களுடையது, ஆனால் மாத்திரை வீட்டுக்கே பொதுவாகிவிடுகிறது. அதனால்தான் எச்சரிக்கையைப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்து கேட்கிறோம், ஆணிடமும் கேட்கிறோம்.

பிரேசிலில் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்த இந்த மருந்தை வீட்டிலிருந்த மற்றவர்களும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். 1961க்குப் பிறகும் அங்கே பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. பெட்டியில் இருந்த, கர்ப்பிணி உருவத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, இது கருத்தடை மாத்திரை என்று நினைத்துக்கொண்ட பெண்களும் இருந்தார்கள். ஆங்கிலத்தில் மட்டும் எச்சரிக்கை அச்சடித்த பெட்டியைத் தமிழும் இந்தியும் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் கையில் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். என் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்த மருந்தின் அட்டையைக் கத்தரிக்காதீர்கள். எச்சரிக்கையும் பெயரும் வெட்டிப்போட்ட துண்டோடு போய்விடுகிறது.

பெண் நோயாளிகள் என்றால் விதி இன்னும் இறுக்கம். ஆரம்பிப்பதற்கு 4 வாரம் முன்பிருந்தே, ஒன்றல்ல, இரண்டு கருத்தடை முறை. தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை, முதல் மாதம் வாராவாரம், அப்புறம் மாதாமாதம். எந்த முறை என்பதை டாக்டரிடமே முடிவு செய்யுங்கள், கடையில் கேட்டு வாங்காதீர்கள். தொழுநோய்க்குச் சாப்பிடும் ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கும். மைலோமாக்காரருக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை ரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டும். பால் கொடுக்கும் தாய்க்கு இந்த மருந்து கூடாது.

இன்னொன்று, தாலிடோமைடு தொழுநோய்க் கிருமியைக் கொல்லாது. முடிச்சு வற்றிவிட்டதே என்று அரசு இலவசமாகத் தரும் கூட்டு மருந்து அட்டையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். கிருமியை ஒழிப்பது அதுதான்.

இரவில், சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து, கேப்ஸ்யூலை முழுசாக விழுங்குங்கள். பிரித்துப் பாலில் கலக்கக் கூடாது. தூள் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம். இதைச் சாப்பிடும் நாட்களில் மது கூடாது. தூக்கமும் தலைசுற்றலும் வரும் என்பதால் லோக்கல் ரயில் வாசலில் நிற்காதீர்கள், ஆட்டோ ஓட்டுபவர் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மலச்சிக்கல் நிறையப் பேருக்கு வரும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தம் உறைந்து நுரையீரலில் போய் அடைக்கலாம், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு அபாயம் அதிகம். கை கால் மரத்துப்போனாலும் உடனே சொல்லவேண்டும். தொழுநோயாளிக்கு ஏற்கெனவே மரத்த கால் என்பதால் புதிதாக மரத்ததே தெரியாமல் போகும். அதற்காகத்தான் டாக்டர் ஒவ்வொரு முறையும் காலைத் தொட்டுப் பார்ப்பது. அலுத்துக்கொள்ளாமல் காட்டுங்கள்.

தெரியாமல் ஒரு கர்ப்பிணி சாப்பிட்டுவிட்டால்? யாரையும் திட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். மறைக்கவும் வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

மீந்த கேப்ஸ்யூலை இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கிற நல்ல மனசு நம் ஆட்களுக்கு நிறையவே உண்டு, விலை அப்படி. இந்த மருந்தில் மட்டும் வேண்டாம். வாங்கிய இடத்திலோ டாக்டரிடமோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறுநாள் காலை மாமனாரே கடைக்கு வந்தார். கையில் அந்த எவர்சில்வர் டப்பா. கவுன்டரில் கொட்டி, அவருடைய கேப்ஸ்யூல்களைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, வேறு பெட்டியில் போட்டுத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெனமும் அவதானப்பா எடுத்துக் குடுப்பா" என்றார். குரல் உடைந்திருந்தது. இனிமேல் மகன் எடுத்துக் கொடுக்கட்டும் என்றேன். பெட்டிக்குப் பூட்டு போட முடியுமா என்று கேட்டார். பக்கத்துக் கடையில் சின்னப் பூட்டு ஒன்றை வாங்கி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.