குதிரை ஜெயித்தால் பேர் யாருக்கு?

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்ததிலிருந்து நான் வைத்தியம் பார்ப்பது பெரும்பாலும் குதிரைகளுக்குத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கும் குதிரையேற்றப் பயிற்சி லாயங்களுக்கு வாரத்தில் நாலு நாளாவது போய்விடுவேன். போட்டிக் காலம் வந்தால் ஒரு பேச்சு கட்டாயம் எழும். குதிரை ஜெயித்துவிட்டது, பேர் யாருக்கு? ஓட்டிய பிள்ளைக்கா, பயிற்சியாளருக்கா, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவருக்கா? இதில் மனத்தாங்கல் வந்து பேச்சுவார்த்தையே நின்றுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. அந்தக் குதிரைக்கு உடம்பு சரியில்லாத நாளில் அது யாருக்கு முதலில் தெரிகிறதோ, பேரில் முதல் பங்கு அவருக்கு. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் சைஸ்தான். தீனி வைத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, லாயத்திலேயே படுத்து எழும் ஆளைத்தான் சைஸ் என்கிறோம்.

மூன்று வருடம் முன்பு ஒரு விடியற்காலை. மணி ஐந்துகூட ஆகவில்லை, ஒரு சைஸ் அண்ணன் போன் செய்தார். "டாக்டரம்மா, ராத்திரி வெச்ச கொள்ளுல பாதி அப்படியே கிடக்கு. சாணி ரெண்டு உருண்டைதான் போட்டிருக்கான், அதுவும் காய்ஞ்சுபோய் இருக்கு." அவ்வளவுதான் அவர் சொன்னது. குதிரை தரையில் உருளவில்லை, காலால் மண்ணைப் பறிக்கவில்லை, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யார் பார்த்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

போய் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். சும்மா நிற்கும் குதிரைக்கு இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கும். இவனுக்கு 52. குடல் சத்தம் இரண்டு பக்கமும் அடங்கிப்போயிருந்தது. தீனி குடலில் அடைத்துக்கொண்டிருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. உள்ளே போனது முழு நீளக் குடலையும் தாண்டித்தான் வெளியே வந்தாக வேண்டும். நமக்கு ஒரு நாள் அவதியாகப் போகும் வயிற்றுவலி குதிரைக்கு எமனாவது அதனால்தான். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீரும், அடைப்பை வழுக்கிவிடும் லிக்விட் பாரஃபின் எண்ணெயும் கொடுத்தோம். சாயந்திரம் நாலரைக்குச் சாணி போட்டான். சைஸ் அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் போய்ச் சாப்பிட்டார்.

அதே குதிரை இரண்டு மாதம் கழித்து, தடைக் கட்டைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங் போட்டியில் ஒரு கட்டையைக்கூடத் தட்டாமல் சுற்றை முடித்து முதலிடம் வாங்கியது. ஓட்டிய பெண் அருமையாக ஓட்டினாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைய போனுக்கும் இன்றைய கோப்பைக்கும் முடிச்சுப் போட அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

மாறாக நடந்ததும் உண்டு. ஒரு லாயத்தில் தொடர்ந்து இரண்டு மூன்று பரிசு வந்தது. வந்த உற்சாகத்தில் குதிரைகளைக் கூட்டினார்கள், சைஸ்களைக் கூட்டவில்லை. ஒரு ஆளுக்கு ஆறு குதிரை. அந்த மே மாதத்தில் அவர்களுடைய நல்ல குதிரை ஒன்று பயிற்சி முடிந்து வந்ததும் மூச்சு வாங்கித் தள்ளாடி விழுந்தது. டிரை கோட் என்று நாங்கள் சொல்லும் கோளாறு அது. சென்னை மாதிரி வெயிலும் புழுக்கமும் சேர்ந்த ஊரில் சில குதிரைகளுக்கு வியர்ப்பது மெல்ல மெல்லக் குறைந்து நின்றேபோகும். வியர்வை இல்லையென்றால் உடம்புச் சூடு இறங்க வழியில்லை. இது ஒரே நாளில் வருவதில்லை. சேணத்தைக் கழற்றும்போது அதன் அடியில் முதுகு சொதசொதவென்று நனைந்திருக்க வேண்டும். அந்த இடம் காய்ந்திருந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. தினமும் ஒரே கை சேணத்தைக் கழற்றியிருந்தால் வாரங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்தக் குதிரை பிழைத்தது, ஆனால் அதன் பிறகு போட்டிக்குப் போகவே இல்லை. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஐப்பசி மழையில், "வலது முன்குளம்பு சூடா இருக்குங்க" என்று ஒரு சைஸ் சொன்னார். குதிரையை நடக்க விட்டுப் பார்த்தேன், நொண்டல் இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் குதிரை அந்தக் காலை ஊன்றவே இல்லை. குளம்புக்குள் சீழ் கட்டியிருந்தது. அன்றைக்கே கேட்டிருந்தால் மூன்று நாள் வலி மிச்சமாகியிருக்கும். அன்றிலிருந்து அவர்கள் சொல்வதைச் சொன்ன வார்த்தையிலேயே என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

குளம்பு என்றதும் லாடம் அடிப்பவரை விட்டுவிட முடியாது. குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ஆணி கொஞ்சம் உள்ளே தள்ளி இறங்கினால் உயிருள்ள சதையில் குத்தும். தாண்டி இறங்கும் குதிரையின் மொத்த பாரமும் முதலில் விழுவது ஒற்றை முன்காலில். அவர் வேலை அரை சென்டிமீட்டர் பிசகினால் பயிற்சியாளரின் ஆறு மாத உழைப்பும் வீண்.

இங்கே பிள்ளைகள் ஓட்டும் குதிரைகளில் நிறைய, பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. இரண்டு மூன்று வயதில் முழு வேகத்தில் ஓட மட்டுமே பழக்கப்பட்ட குதிரையை, நில் என்றால் நிற்கவும், கட்டையைப் பார்த்து நிதானித்துத் தாண்டவும் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழக்கியிருப்பார். கீழே விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டவராகவும் இருப்பார். குதிரை கைமாறும்போது அவர் பெயர் கூடவே வருவதில்லை.

1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தங்கம் வாங்கினார். ஆசிய விளையாட்டுக் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு அடுத்த தனிநபர் பதக்கம் கிடைக்க 36 வருடம் ஆனது. 2018இல் ஃபுவாத் மிர்சா, செய்ன்யர் மெடிகாட் என்ற குதிரையில் வெள்ளி வாங்கினார். அடுத்து ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023இல், டிரஸ்ஸாஜ் அணிக்குத் தங்கம். குதிரையை நுணுக்கமான நடைகளில் நடத்திக் காட்டும் போட்டி அது. அந்த நான்கு வீரர்களின் பெயரைச் சொல்பவர்கள்கூட எட்ரோ, சின்ஸ்கி, எமரால்ட், அட்ரினலின் ஃபிர்ஃபோட் என்று குதிரைகளின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. குதிரைக்கே இந்தக் கதி என்றால் சைஸை யார் நினைப்பார்கள்?

ஆனால் ஒன்று கவனியுங்கள். குதிரையின் ரத்தத்தில் தடைசெய்த மருந்து இருந்தால், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி முதல் பொறுப்பு ஓட்டியவருக்கு. அத்தோடு நிற்பதில்லை, சைஸையும் மருத்துவரையும்கூடப் பொறுப்பாளியாகச் சேர்க்க முடியும். பழியில் இடம் இருக்கும்போது பேரிலும் இருக்கத்தானே வேண்டும்? அதே கூட்டமைப்பு தன் விருதுகளில் ஒன்றைச் சிறந்த சைஸுக்கென்றே வைத்திருக்கிறது. நம் ஊர்ப் போட்டிகளிலும் அப்படி ஒன்று வைக்கலாம், பெரிய செலவு ஒன்றும் இல்லை.

பிள்ளையைக் குதிரையேற்றத்துக்குச் சேர்க்கப்போகிற பெற்றோர், லாயத்தைச் சுற்றிப் பார்க்கும்போது கோப்பை அலமாரியைப் பார்த்தது போதும். ஒரு சைஸுக்கு எத்தனை குதிரை என்று கேளுங்கள். அவர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். பிள்ளை போய் இறங்கியதும் முதலில் அவரிடம், "அண்ணா, தீனி எடுத்தானா? சாணி போட்டானா? கால்ல சூடு ஏதாவது இருக்கா?" என்று கேட்கப் பழக்குங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் அன்று ஏறக் கூடாது. பரிசுத் தொகை வந்தால் அவருக்கு ஒரு பங்கு, முன்கூட்டியே பேசி வைத்த பங்கு. வயிற்றுவலி மாதிரி தெரிந்தால் வீட்டு மாத்திரையோ வலி ஊசியோ கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். வலி அடங்கிவிடும், அடைப்பு அடங்காது, வந்து பார்க்கும் மருத்துவருக்கும் எதுவும் பிடிபடாது.

அந்த ஷோ ஜம்பிங் நாளில் பரிசளிப்பு முடிந்ததும் நான் லாயப் பக்கம் போனேன். சைஸ் அண்ணன் கடிவாளத்தில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காலாக மேலிருந்து கீழே தடவி வந்தவர், இடது முன்காலில் கையை எடுக்கவில்லை.

"டாக்டரம்மா, இங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தொட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"சரி அண்ணா, நாளைக்கு இவனுக்கு லீவு" என்று சொல்லி, நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.