8 ஆண்டுகளில் 20 கிலோ

இரண்டு மாதத்துக்கு முன் இருபது வயதுப் பையன் ஒருவன் இடுப்பைப் பிடித்தபடி என் சிகிச்சை அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். முடியவில்லை, நின்றபடியே பேசினான். டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் எடையை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கும் பயிற்சியில், 80 கிலோ தூக்கிக்கொண்டிருந்தவன் மூன்றே வாரத்தில் 110க்குப் போயிருக்கிறான். "கூட வர்றவங்க எல்லாம் தூக்குறாங்க சார்" என்று செல்போனில் வீடியோ காட்டினான். எடை மாட்டும் இரும்புக் கம்பியான பார் அவன் காலை விட்டு ஒரு சாண் தள்ளி இருந்தது. முதுகு வில்லாக வளைந்திருந்தது.

இப்படி வரும் பிள்ளைகளிடம் நான் பளுதூக்கும் வீரர் லூயி ஓஸ்தேனைப் பற்றிப் பேசுவேன். 1908இல் பிரான்சின் சான்-எத்தியென் நகரில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கமும் சைக்கிள் பட்டறையும் நிறைந்த ஊர் அது. 82.5 கிலோ உடல் எடைப் பிரிவில் மூன்று ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றார்: 1928 ஆம்ஸ்டர்டாமில் வெள்ளி, 1932 லாஸ் ஏஞ்சல்ஸிலும் 1936 பெர்லினிலும் தங்கம்.

பதக்கத்தை விட, அவர் தூக்கிய எடையைத்தான் பையன்களைக் கவனிக்கச் சொல்வேன். பிரெஸ் (தோளிலிருந்து கை பலத்தால் தலைக்கு மேல் தூக்குவது), ஸ்நாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) மூன்றும் சேர்த்து 1928இல் 352.5 கிலோ, 1932இல் 365, 1936இல் 372.5. உலகின் முதல் வரிசை வீரருக்கே ஒலிம்பிக் மேடையில் 20 கிலோ கூட்ட 8 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அதிலும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 1932இல் 150 தூக்கியவர், 1936இல் 145தான் தூக்கினார். மற்ற இரண்டிலும் கூடியதால் தங்கம் கைவிட்டுப் போகவில்லை. ஒரு நாள் தூக்கும் எடை குறைந்தால் மானம் போய்விட்டதாக நினைக்கும் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்வேன்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? தசை சில வாரங்களிலேயே பலம் பெற ஆரம்பித்துவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு; அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். தசை தூக்கத் தயாராக இருக்கும், தசைநாண் தயாராக இருக்காது. பார் உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக, அதே எடைக்கு இடுப்பு கூடுதலாகச் சுமக்க வேண்டியிருக்கும். பெல்ட் கட்டினால் மட்டும் இது சரியாகிவிடாது.

ஓஸ்தேன் காலத்து பிரெஸ் இப்போது போட்டியில் இல்லை. வீரர்கள் முதுகைப் பின்னால் வளைத்து வளைத்துத் தூக்கியதால் நடுவர்களுக்குத் தீர்ப்பு சொல்வதே சிரமமானது. இடுப்புக்கு ஆபத்து என்ற கவலையும் இருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அதை நீக்கிவிட்டார்கள்.

வலி கால் வழியாகக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, ஜிம்மை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாமல் போனாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓஸ்தேன் 1998இல், 90 வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

அப்புறம் அந்தப் பையன். இப்போது எடை எதுவும் மாட்டாமல் 20 கிலோ வெறும் பாரோடு பழகுகிறான், காலை உரசியபடி ஏற்றி இறக்குகிறான். நேற்று வந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.