ராமின் தவிப்பை நான் நம்புகிறேன்

2018இல் வந்த '96' படம், பள்ளியில் காதலித்துப் பிரிந்த ராமும் ஜானுவும் இருபத்திரண்டு வருடம் கழித்துச் சந்திக்கும் கதை. அதைப் பற்றிப் பெற்றோர் இன்னமும் என்னிடம் கேட்கிறார்கள். "பத்தாவது படிக்கிற பையன், ஒரு பொண்ணு நெஞ்சுல கை வச்சதும் மயங்கி விழுவானா மேடம்?"

பள்ளிகளில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். மயக்கம் கொஞ்சம் சினிமாத்தனம்தான். ஆனால் அந்தப் பதற்றம் நிஜம். பதினைந்து வயதில் ஆசை முதலில் உடம்புக்குத்தான் தெரியவரும். உள்ளங்கை வியர்க்கும், நாக்கு உலரும், சொல்ல வந்தது மறந்துபோகும். ராம் தன் மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாமல் நிற்பதை நான் வாரத்துக்கு ஒரு பிள்ளையிடமாவது பார்க்கிறேன்.

படத்தில் என்னை உலுக்கியது வேறொரு இடம். விடுமுறை முடிந்து பதினொன்றாம் வகுப்புக்கு ஜானு வருகிறாள். ராம் வரவில்லை. அவன் குடும்பம் ஊரையே விட்டுப் போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. வளரிளம் பிள்ளைகளுக்குப் பிரிவைவிட இப்படிச் சொல்லாமல் அறுந்துபோவதுதான் அதிகம் வலிக்கிறது.

என்னிடம் வந்த ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கடிதம் ஒன்று சிக்கியதும், பெண்ணின் வீட்டார் இரண்டே நாளில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு இவனுக்கு ஓயாத வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள்; உடம்பில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது முறை வந்தபோதுதான் வாயைத் திறந்தான்: "அவளை வீட்ல அடிச்சாங்களான்னு மட்டும் தெரியணும் மேடம்." வீட்டில் எல்லோரும் இவனுடைய மார்க்கைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, இருபத்திரண்டு வருடம் கழித்தும் ராம் அதே இடத்தில் நிற்பது நம்பும்படி இருக்கிறதா? பலர் அதைத் தெய்வீகக் காதல் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தாம் வகுப்புக் கடைசி நாளில் ஜானு மை தெளித்த சட்டையை அவன் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறானே, அதைப் பார்க்கும்போது, யாருமே விசாரிக்காமல் விட்ட துக்கம்தான் எனக்குத் தெரிகிறது. பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் மெல்லத் தேறிவிடுவார்கள். பேச ஆளில்லாத பிள்ளைக்குத்தான் அது உள்ளேயே தங்கிவிடுகிறது.

அந்த மாணவனின் அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அறிவுரை எதுவும் வேண்டாம், அந்தப் பெண்ணைப் பற்றி அவனிடம் கேளுங்கள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருக்கிறார். பையன் அழுதிருக்கிறான். அப்புறம் வெகுநேரம் பேசியிருக்கிறான். வயிற்றுவலி உடனே போகவில்லை; ஆனால் அடுத்த வாரம் பள்ளிக்கு வந்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் ஒட்டாமல் இருந்தால் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். "செத்துடலாம்போல இருக்கு" என்று ஒருமுறை சொன்னாலும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அவனைத் தனியாக விடாமல், அப்போதே 14416 எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவை அது. இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.