பழைய செயின்சா: திருகில் கை வைப்பதற்கு முன்

வருடக்கணக்கில் மூலையில் கிடந்த செயின்சாவை எடுத்து ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுவது, கயிற்றை நாலு இழுப்பு இழுப்பது, ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளைத் திருப்பத் தொடங்குவது. என்னிடம் பழுதுக்கு வரும் பழைய மெஷின்களில் பல, திருகு முதலில் எந்த இடத்தில் இருந்தது என்று யாருக்குமே தெரியாத நிலையில்தான் வந்து சேர்கின்றன. யாரும் தொடாத திருகு கடைசியாக மெஷின் நன்றாக ஓடிய நாளில் எங்கே இருந்ததோ, அநேகமாக அங்கேயேதான் இருக்கும். கெட்டுப்போனது வேறு ஏதோ.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், செயின்சாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஆயிலுக்குத் தனித் தொட்டி கிடையாது. பிஸ்டன், பேரிங் எல்லாவற்றுக்கும் பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் மசகு. (செயினுக்குப் போகிற ஆயில் டேங்க் வேறு, அது எஞ்சினுக்குள் போவதே இல்லை.) அதனால் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. கலவையில் காற்று கூடி சூடும் ஏறுகிறது. இந்த நிலையில் எஞ்சின் இருமிக்கொண்டு ஓடினால்கூடப் பரவாயில்லை, நிறுத்திவிடுவோம். ஆனால் பெட்ரோல் பற்றாத செயின்சா பல சமயம் முன்பைவிட வேகமாக, கூர்மையான சத்தத்தோடு சுற்றும். உரிமையாளர் ‘அப்பாடா, சரியாகிவிட்டது’ என்று மரத்தில் வைப்பார். சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டரைக் கீறி, அதிலேயே இறுகி (சீஸ் ஆகி) நின்றுவிடும்.

ஆகவே முதல் வேலை, பிஸ்டனைப் பார்ப்பது. எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும், பிளக் ஒயரையும் கழற்றிவிடுங்கள். சைலன்சரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்தால் வெளியேற்றும் துவாரம் வழியாக பிஸ்டன் தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கங்கள் வழவழப்பாக இருந்தால் மேலே போகலாம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் அது பெட்ரோல் கோளாறோடு நிற்கிற விஷயம் இல்லை, சிலிண்டர் வேலை. கழற்றியதோடு சைலன்சரில் இருக்கும் தீப்பொறி தடுக்கும் வலையையும் பார்த்துவிடுங்கள். அது கரியால் அடைத்திருந்தால் மெஷின் ஸ்டார்ட் ஆகும், நின்ற இடத்தில் ஓடும், ஆனால் ரேஸ் ஏறாது. எல்லோரும் கார்புரேட்டரைச் சந்தேகிப்பார்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தீர்ந்துபோகும் பிரச்சினை அது.

அடுத்தது டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல். திறந்த வெளியில், தீ எதுவும் அருகில் இல்லாத இடத்தில் இதைச் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கிற அடுப்பைத் தேடிப் பிடிக்கும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் இன்னும் போகவில்லை, தயவுசெய்து வேண்டாம். ஒரு வாய் பெட்ரோல் புரையேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டேங்கைக் கவிழ்த்தால் போதும், எல்லாம் வந்துவிடும்.

வந்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். கெட்ட பெட்ரோல் கருத்து, பெயின்ட் வாடை அடிக்கும். அதைவிட முக்கியம், அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிகிறதா என்பது. இப்போது விற்கும் பெட்ரோலில் பல இடங்களில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக் ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு போய்விடும். டேங்குக்குள் பெட்ரோல் இழுக்கும் ஃபில்டர் கனமானது, எப்போதும் அடியில்தான் கிடக்கும். அப்படியானால் எஞ்சின் முதலில் குடிப்பது எது? ஆயில் இல்லாத அந்த அடுக்கைத்தான். ‘பழைய பெட்ரோலோடு கொஞ்சம் புதுசு சேர்த்து ஓட்டித் தீர்த்துவிடலாம்’ என்பவர்களிடம் நான் இந்த ஜாடியைத்தான் காட்டுவது.

புதுக் கலவைக்கு, 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 40:1 என்றால் 25, 25:1 என்றால் 40. பழைய மெஷின்களின் மூடியில் 25:1, சிலவற்றில் 16:1 என்றுகூட எழுதியிருக்கும், அந்தக் கால ஆயிலுக்கு அது தேவைப்பட்டது. காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்று வரும் இன்றைய நல்ல ஆயிலில் அவ்வளவு வேண்டியதில்லை. படகு எஞ்சினுக்கான ஆயில் இதற்கு ஆகாது, அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது. ‘பாதுகாப்புக்கு’ என்று இஷ்டத்துக்கு ஆயிலைக் கூட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கார்புரேட்டரில் கலவை போகிற சின்னத் துவாரமான அதே ஜெட் வழியாக ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். விகிதத்தை மாற்றினால் டியூனிங்கையும் பார்க்க வேண்டும்.

இப்போது சிலிண்டருக்குப் பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். சோக் போட்டுச் சில முறை இழுத்துவிட்டு பிளக்கைக் கழற்றினால் அது ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்திருந்தால், பிளக் துவாரத்தில் சில சொட்டுக் கலவை விட்டு, சிந்தியதைத் துடைத்து, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு நொடி பிடித்து அணைந்தால் நல்ல செய்திதான். தீப்பொறியும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் கலவை அழுந்துவது) இருக்கின்றன, பெட்ரோல்தான் வழியில் எங்கோ நிற்கிறது. அப்புறம் டேங்கிலிருந்து எஞ்சின் வரை வரிசையாகப் போக வேண்டியதுதான்.

டேங்கின் காற்றுத் துவாரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் நின்றுவிடும். பத்து நிமிடம் அருமையாக ஓடி அணைந்து, ஆறிய பிறகு மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று இழுத்து, மறுபடி ஓடுகிற மெஷின் என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். மண்டிய ஆவி பெட்ரோலோடு பீறிட்டு வரும்.

ஃபில்டரை ஒரு வளைத்த கம்பியால் வெளியே இழுத்து, நிறம் மாறியிருந்தால் புதிதாகப் போட்டுவிடுங்கள், அதில் கழுவி மிச்சப்படுத்த எதுவும் இல்லை. டியூபில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பழைய டியூப் ஒன்று கல்லாக இறுகியிருக்கும், அல்லது எத்தனால் பட்டு ஊறிப் பிசுபிசுத்திருக்கும். வெளியே எடுத்து விரலில் சுற்றி வளைத்துப் பாருங்கள், மெல்லிய வெடிப்பு வாய் திறக்கும். வெடிப்பு டேங்குக்கு உள்ளே இருந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே கசியாது. டேங்க் நிரம்பியிருக்கும்போது மெஷின் நன்றாக ஓடும். பாதி காலியானதும் வெடிப்பு பெட்ரோலுக்கு மேலே வந்துவிடும், அங்கே காற்றை இழுத்துத் திணற ஆரம்பிக்கும். ‘ஃபுல் டேங்கில் ஓடுது, பாதியில் நிக்குது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் டியூபைத்தான் உருவுவேன். மாற்றும்போது பெட்ரோலுக்கென்று செய்த டியூபாக இருக்கட்டும். மீன் தொட்டி டியூப் சீக்கிரமே இறுகிவிடும்.

அடுத்து கார்புரேட்டர். இதில் மிதவை கிடையாது, அதனால்தான் செயின்சாவை எப்படிச் சாய்த்தாலும் ஓடுகிறது. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸில் ஏறி இறங்கும் அழுத்தம் ஒரு சின்ன வழியாக வந்து, டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வைத் துடிக்க வைக்கும், அதுதான் பெட்ரோல் பம்ப். அந்த வழி அடைத்தாலோ பிளந்தாலோ பம்ப் வேலை செய்யாது. இன்னொரு பக்கத்து டயாஃப்ரம் ஒரு நெம்புகோலை அழுத்தி ஊசியைத் திறந்து, தேவையான அளவு பெட்ரோலை உள்ளே விடும். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த மெஷினில் இந்த இரண்டும்தான் முதலில் செத்திருக்கும். காதருகே வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி சடசடத்தால் அதன் வேலை முடிந்தது. நல்ல டயாஃப்ரம் சத்தமே இல்லாமல் வளைந்து கொடுக்கும்.

ரிப்பேர் கிட் வாங்கும்போது செயின்சாவின் பெயரைவிட கார்புரேட்டர் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வால்ப்ரோ, டில்லட்சன், ஜாமா என்று பெயரும் அதிலேயே இருக்கும். ஒரே மாடல் செயின்சா வெவ்வேறு கார்புரேட்டரோடு வந்திருக்கலாம். கழற்றும்போது ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுங்கள். கேஸ்கெட், டயாஃப்ரம் வரிசை மாறினால் புதுக் கிட் போட்டும் ஓடாது. கிளீனர் ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் ரப்பர் பாகங்கள் எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது எதிர்பாராத துவாரத்தில் இருந்து முகத்தில் பீய்ச்சும். ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். நெம்புகோலின் உயரம் கூடினால் ஊசி சரியாக மூடாமல் ஓவர்ஃப்ளோ ஆகும், குறைந்தால் பெட்ரோல் பற்றாது. அந்த அளவைக் கிட்டோடு வரும் தாளில் பார்த்துச் சரிசெய்யுங்கள். புது கார்புரேட்டரே மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். பழைய ஒரிஜினல் பாடி அரிக்காமல் இருந்தால் அதைச் சுத்தம் செய்து கிட் போடுவதையே நான் விரும்புவேன். நகல்களில் ஒன்றைப் போல இன்னொன்று டியூன் ஆவதில்லை.

இத்தனைக்குப் பிறகுதான் திருகு. எல் (L, குறைந்த வேகத்துக்கு), எச் (H, அதிக வேகத்துக்கு) இரண்டையும் முட்டும் வரை மென்மையாக உள்ளே திருப்பி, ஒரு சுற்று வெளியே எடுங்கள். பல மாடல்களுக்கு இது ஆரம்ப இடம், கையேடு வேறு சொன்னால் கையேடுதான். இறுக்கி முட்டினால் ஊசி முனை தேய்ந்துவிடும். பாரும் (செயின் சுற்றி ஓடும் தகடு) செயினும் மூடியும் முழுதாக மாட்டியபின், பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து சூடாக விடுங்கள். எல் திருகில் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் தயங்காமல் ஏறும்படி வைத்து, ஐட்லிங்கை (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது ஓடும் வேகத்தை) செயின் நிற்கும் வரை குறையுங்கள். கையை எடுத்த பின்னும் செயின் சுற்றுகிற மெஷினை வேலைக்கு எடுக்கக் கூடாது.

எச் திருகுக்கு காதுதான் கருவி. மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலரேட்டர் சில நொடி கொடுத்தால் சத்தம் லேசாகக் குழற வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் குழறல் மறைந்து சுத்தமாக இழுக்க வேண்டும். வெறுமனே இருக்கும்போதே சுத்தமாக அலறினால் பெட்ரோல் பற்றவில்லை, எச் திருகை இடப்பக்கம் கொஞ்சம் திறந்துவிடுங்கள். எவ்வளவு திறந்தும் ஐட்லிங் ஒரு நிலைக்கு வராமல் தானாக ஏறி இறங்கினாலோ, ஆக்சிலரேட்டரை விட்டபின் வேகம் இறங்கத் தாமதித்தாலோ, எங்கோ காற்று புகுகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பரையும் கிராங்க் சீல்களையும் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். ஓடுகிற எஞ்சின் மேல் தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயை அடித்துக் கசிவு தேடும் முறை வீடியோக்களில் வருகிறது, சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கும்போது எனக்கு அதில் உடன்பாடில்லை.

கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வையுங்கள். கேனில் விகிதத்தையும் கலந்த தேதியையும் பெரிதாக எழுதுங்கள், வெறும் பெட்ரோல் கேன் வேறு அலமாரியில் இருக்கட்டும். கேன் மாறி ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றிக் கெட்டுப்போன செயின்சா என் மேசைக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.