ஜீவனாம்சமா, பராமரிப்புத் தொகையா?

மணவிலக்குப் பெற்ற பெற்றோர் பிள்ளைக்காகக் கொடுக்கும் மாதத் தொகையைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் பலர் ‘ஜீவனாம்சம்’ என்றே சொல்கிறார்கள். அந்த இடத்துக்கு அது பொருந்தாத சொல். பொருந்தாததோடு, கேடும் செய்கிறது.

ஜீவனம் என்றால் பிழைப்பு, அம்சம் என்றால் பங்கு. இரண்டும் வடசொற்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் கைம்பெண் போன்றோரின் பிழைப்புக்கு ஒதுக்கிய பங்கைக் குறித்த சொல், பிரிந்த மனைவிக்குக் கணவன் தரும் பணத்துக்கும் வழங்கலாயிற்று. அதனால்தான் அதைக் கேட்டவுடன் முன்னாள் மனைவியின் முகம் மனத்தில் எழுகிறது. “அவளுக்கு நான் ஏன் தர வேண்டும்?” என்ற கோபத்தோடு பேச்சு தொடங்குகிறது. பாலர் பள்ளிக் கட்டணமும் துணைப்பாட வகுப்பும் பல் மருத்துவச் செலவும் அந்தக் கோபத்தில் காணாமல் போகின்றன.

சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் குடும்பச் சட்டமான 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனப்படி, மணவிலக்குக்குப் பின் மனைவிக்குத் தரும் தொகை அவர் மறுமணம் செய்தால் நின்றுவிடும். பிள்ளைக்கான தொகை அதனால் நிற்காது. அது பொதுவாக 21 வயது வரை. படிப்பு, முழுநேரத் தேசிய சேவை, உடல் அல்லது மனக் குறைபாடு போன்ற காரணங்கள் இருந்தால் அதற்குப் பிறகும் நீளலாம். கடமை தந்தைக்கு மட்டுமன்று, தாய்க்கும் உண்டு. ஆனால் சரிபாதி என்று கட்டாயமில்லை; அவரவர் வருமானமும் வசதியும் பார்க்கப்படும். தமிழ் முஸ்லிம்களின் மணவிலக்கை ஷரியா நீதிமன்றம் விசாரித்தாலும், பிள்ளையின் பராமரிப்புக்கு விண்ணப்பிக்கும் இடம் குடும்ப நீதிமன்றமே.

ஆகவே இதற்குப் ‘பிள்ளைப் பராமரிப்புத் தொகை’ என்பதே தகும். ‘பராமரிப்பு’ என்பதன் வேரும் வடமொழிதான் என்றாலும், குழந்தைப் பராமரிப்பு நிலையம் என்று நாள்தோறும் சொல்லிப் பழகிய நமக்கு அதன் பொருள் உடனே விளங்கும். தனித்தமிழ் வேண்டுவோர் ‘பேணுதொகை’ எனலாம். இதைவிடப் பழைய சொல்லும் நம்மிடம் உண்டு: புறந்தருதல், அதாவது பேணி வளர்த்தல். “ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே” என்கிறது புறநானூற்றின் 312ஆம் பாடல். அங்கே கடன் என்பது கடமை. தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று. ஒருவர் மற்றவருக்கு எதையும் கொடுக்கவில்லை, இருவரும் பிள்ளைக்குச் செய்கிறார்கள்.

மணவிலக்குக்குப் பின் பிள்ளை யார் பொறுப்பில் என்பதைக் குறிக்கும் ‘கஸ்டடி’ இன்னொரு குழப்பம். அதை அப்படியே ‘காவல்’ ஆக்கினால் பிள்ளை கைதி போலாகிவிடும். இங்குள்ள நீதிமன்றம் அதை மூன்றாகப் பிரிக்கிறது. கல்வி, சமயம், மருத்துவம் போன்ற பெரிய முடிவுகளை எடுப்பது ஒன்று. அதை ‘முடிவெடுக்கும் பொறுப்பு’ என்பேன். பிள்ளை யாரோடு வசிக்கிறது என்ற ‘அன்றாடப் பராமரிப்பு’ இன்னொன்று. மூன்றாவது, பிள்ளையோடு வசிக்காத தாயோ தந்தையோ அதனோடு நேரம் செலவிடும் ‘சந்திப்பு உரிமை’. முதலாவதைப் பெற்றோர் இருவரிடமும் விடுவதே பொது வழக்கமாக இருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் கூறியது. ‘கூட்டுப் பொறுப்பு கிடைத்தால் பாதி நாள் என்னிடம், பணமும் கட்ட வேண்டாம்’ என்று நம்புவோர் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் அதே குழப்பத்தின் பிள்ளைகள்.

இவற்றைப் பேசித் தீர்க்கச் சமரச அறையில் உட்காரும்போது சொற்களை உடைத்துக் கேளுங்கள். ‘பொது விடுமுறைகள் மாறி மாறி’ என்று எழுதிவிட்டால் போதாது. தீபாவளிக்கு முந்திய இரவு யார் வீட்டில், காலை எண்ணெய்க் குளியல் எங்கே, பிள்ளையை எத்தனை மணிக்கு எந்த எம்ஆர்டி நிலையத்தில் ஒப்படைப்பது, அடுத்த ஆண்டு யாருடைய முறை என்பதுவரை உடன்பாட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.