அணி, நிலையணி, வளரணி: சொல் விளக்கம்

ஒரே வகைத் தரவுகளை நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணைக் கொண்டு எடுக்க உதவும் அமைப்பை நிரலாளர்கள் ஆங்கிலத்தில் அர்ரே என்பர், தமிழில் அணி என்பர். ஆங்கிலத்துக்கு அர்ரே என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒழுங்குபடுத்துதல், ஆயத்தம் செய்தல் என்பன அதன் மூலப்பொருள். பின்னர் ஆங்கிலத்தில் அது களத்தில் படை நிற்கும் ஒழுங்கையும் சிறப்பான உடையையும் குறித்தது. தமிழின் ‘அணி’ இவ்விரு பொருளையும் தன்னுள் கொண்டிருக்கிறது: படையணி, அணிவகுப்பு ஆகியவற்றில் வரிசை, அணிகலன், அணியிலக்கணம் ஆகியவற்றில் அழகு. கலைச்சொல்லாக்கத்தில் இத்தகைய பொருத்தம் அரிதாகவே வாய்க்கும். ஆனால் ஒரு குழப்பம்: எண்களைக் கட்டங்களாக அடுக்கும் கணித அமைப்பான மேட்ரிக்ஸுக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அணி என்றே பெயர். இலங்கையில் அது தாயம் என வழங்குவதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

உருவாக்கும்போதே அளவு உறுதியாகிவிடும் வகையை நிலையணி என்றும், தேவைக்கேற்பப் பெருகும் வகையை வளரணி என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. ‘வளரணி’ ஒரு வினைத்தொகை: வளர்ந்த அணி, வளர்கின்ற அணி, வளரும் அணி என முக்காலத்துக்கும் அது விரியும். சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழி இதனை வெக்டர் என்கிறது. அதைப் பார்த்து, கணிதத்தின் வெக்டருக்கு வழங்கும் ‘திசையன்’ என்ற சொல்லை எழுதுவது பிழை, ஏனெனில் இங்கே திசைக்கு வேலையே இல்லை.

வளரணி இருந்த இடத்திலேயே நீண்டுவிடுவதில்லை. நான்கு இடங்கள் நிரம்பிய ஒன்றில் ஐந்தாம் மதிப்பைச் சேர்க்கும்போது, அடுத்துள்ள நினைவகம் வேறொரு தரவின் வசம் இருக்கக்கூடும் என்பதால், எட்டு இடங்கள் கொண்ட புதிய பகுதி ஒதுக்கப்பட்டு, பழைய நான்கும் அங்கே படியெடுக்கப்பட்டு, பழைய பகுதி விடுவிக்கப்படுகிறது. அப்போது அதன் நீளம், அதாவது உள்ளிருக்கும் மதிப்புகளின் எண்ணிக்கை, 5; கொள்ளளவு, அதாவது ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை, 8. இரண்டையும் ‘அளவு’ என்ற ஒரே சொல்லால் குறித்தால் படிப்பவர் தடுமாறுவார். ஒரே ஓர் இடம் கொண்ட வளரணியில் தொடங்கி இவ்வாறு இரட்டித்துச் சென்றால், 1,024 மதிப்புகளைச் சேர்த்து முடிக்க 1,023 படியெடுப்புகள் போதும். ஒவ்வொரு முறையும் ஓரிடம் மட்டுமே கூட்டினால் 5,23,776 தேவைப்படும். ஜாவா மொழியின் வளரணியான அர்ரேலிஸ்ட் இரட்டிக்காமல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வளர்கிறது.

வாரத்தின் 7 நாள்கள், சதுரங்கப் பலகையின் 64 கட்டங்கள் என எண்ணிக்கை மாறாத இடத்தில் நிலையணியே தக்கது. அதில் உபரி இடமும் இல்லை, இடமாற்றமும் இல்லை. பயனர் எத்தனை பதிவுகளை உள்ளிடுவார் என்று முன்கூட்டி அறிய முடியாதபோது வளரணி வேண்டும். ஆனால் சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில், அதன் உறுப்பொன்றின் நினைவக முகவரியைச் சுட்டு (பாயிண்டர்) ஒன்றில் வைத்திருப்பவர், அணி இடம்பெயர்ந்தபின் அச்சுட்டு விடுவிக்கப்பட்ட நினைவகத்தையே காட்டும் என்பதை உணர்ந்து, முகவரிக்குப் பதிலாக வரிசை எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும்.