தோல் நோய்க்கு வந்தவரின் எடையை ஏன் பார்க்கிறோம்?

சொரியாசிஸ் எனப்படும் செதில் உதிர் நோய்க்காக என்னிடம் வருபவர்களின் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் முதல் நாளே குறித்துக்கொள்வேன். படைக்கு மருந்து கேட்டு வந்தால் தொப்பையை அளக்கிறாரே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஒல்லியானவர்களுக்கும் இந்நோய் வருகிறது என்பதால், எடையைக் காட்டி யாரையும் குற்றம் சொல்வது என் நோக்கமன்று.

கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 போன்ற அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது சுரக்கிறது. சொரியாசிஸில் தோல் சிவந்து தடிப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. அக்குள், அடிவயிற்று மடிப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வியர்வையும் உராய்வும் நோயை மேலும் கிளறிவிடுகின்றன. அங்கே செதில் அதிகம் இல்லாமல் பளபளப்பாகச் சிவந்திருப்பதால், படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடைக் களிம்பைத் தடவியே பலர் மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள்.

மருந்தைத் தேர்வதிலும் எடை குறுக்கிடுகிறது. இந்நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால், கல்லீரலில் கொழுப்புப் படிந்தவருக்கு அதைக் கொடுக்கத் தயங்க வேண்டியிருக்கிறது. உஸ்டெகினுமாப் ஊசியை 100 கிலோ வரை உள்ளவருக்கு 45 மில்லிகிராமும், அதற்கு மேற்பட்டவருக்கு 90 மில்லிகிராமும் போடுகிறோம். செலவு எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செதில் உதிர்வதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் நடைப்பயிற்சியை நிறுத்துகிறார்கள், மூட்டுவலியும் சேர்ந்தால் வீட்டோடு முடங்குகிறார்கள், எடை கூடுகிறது, நோயும் கூடுகிறது. மருத்துவரைக் கேட்காமல் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இதில் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்: பசியையும் எடையையும் கூட்டுவதோடு, திடீரென்று நிறுத்தினால் உடலெங்கும் சீழ்க்கொப்புளங்கள் கிளம்பும் அபாயமும் உண்டு.

டென்மார்க்கில் பருமனான 60 சொரியாசிஸ் நோயாளிகளை 16 வாரம் கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த கலோரி உணவு உண்டவர்களுக்கு மற்றவர்களைவிடச் சுமார் 15 கிலோ கூடுதலாகக் குறைந்தது. தோலில் கண்ட முன்னேற்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் அரிப்பு, கூச்சம், உடை, வேலை போன்றவற்றைப் பற்றிய 10 கேள்விகளைக் கொண்டு அளக்கும் வாழ்க்கைத்தரம் தெளிவாகவே உயர்ந்திருந்தது. எடை குறைந்தால் நோய் அறவே போய்விடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. இப்போதுள்ள எடையில் இருபதில் ஒரு பங்கை முதல் இலக்காக வைத்து, மருந்தை நிறுத்தாமல், முழுக்கைச் சட்டையோடு விடியற்காலையில் நடக்கத் தொடங்கினால் போதும் என்றே சொல்கிறேன்.